பொன் போன வழி

பகல் ஒன்றரை மணி வாக்கில் குவாரியில் வெடி வைப்பார்கள். முதலில் தரைக்குத் தெரியும், பிறகுதான் காதுக்கு. அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசும். திண்ணையில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் சத்தம் வந்து சேரும். உத்திரமேரூரைச் சுற்றிக் கல்குவாரிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது பழகிப்போன ஒழுங்கு. கல் வழியே வருவது காற்று வழியே வருவதைவிட வேகமானது என்பதை எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே அறிவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கண்ணிமைப்பொழுதுதான் சில வருடங்களாக என்னைத் தொந்தரவு செய்கிறது. பெரியப்பா உயிரோடு இருந்தவரை அந்தக் கணத்தில் அவர் கை தானாக நீண்டு சுவரைப் பற்றும். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இருபத்தெட்டு வருடம் இறங்கி ஏறியவர் அவர். வேலை முடிந்து பெரியம்மாவின் ஊரான இங்கே வந்து குடியமர்ந்தார். சத்தம் வந்து சேர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டு, “வெளியிலதான்” என்பார். யாரும் கேட்காமலே தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். உள்ளே வெடித்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் விவரித்ததில்லை. அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, “எவ்வளவு பட்டிருக்கார் மனுஷன்! நெருப்புல புடம் போட்ட தங்கம்” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். பெரியம்மா மட்டும் இலையில் ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, “தங்கம் அவரு தோண்டுனது. அவருக்கு மூச்சுதான் போச்சு” என்றாள். பந்தி அப்படியே அடங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த உவமையை என்னால் முன்போல் உச்சரிக்க முடியவில்லை.

துன்பப்பட்டவரைப் புடம் போட்ட பொன் என்று சொல்வது நமக்கு நாக்கோடு பிறந்த வழக்கு. தவத்தைப் பற்றிப் பேசும்போது வள்ளுவரே சுடப்படும் பொன்னைத்தான் எடுத்துக்காட்டுகிறார். பள்ளியில் தலைமையாசிரியர் சொல்வார், கோயில் சொற்பொழிவில் கேட்டிருக்கிறோம், வறுமையில் படித்து மேலே வந்தவரைப் பாராட்டும் மேடைகளில் தப்பாமல் வரும். அதில் ஆறுதல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தரின் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூசையில் போட்டு ஊதுகிற நெருப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிற பொன்னிலிருந்து செம்பையும் ஈயத்தையும் பிரிக்கிறது, அவ்வளவுதான். பொன் எப்படி அங்கே வந்தது என்பது வேறு கதை. அந்தக் கதையில் நெருப்பின் பங்கு என்ன, பட்ட பாட்டின் பங்கு என்ன, உடைபட்டதற்குக் கிடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதரின் வாழ்க்கை மேல் அந்த உவமையைச் சாத்திவிட முடியுமா? இதுதான் என் உறுத்தல். அதனால் கல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பெரியப்பா தோண்டிய கல்லைப் பற்றியும், அவர் கடைசியாகப் படுத்திருந்த திண்ணைக்கு அடியில் இருக்கும் கல்லைப் பற்றியும்.

தங்கம் அரிது என்கிறோம். எங்கும் இல்லாத பொருள் என்ற பொருளில் அது அரிது இல்லை. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்குச் சில மில்லிகிராம் தங்கம் உண்டு. எங்கள் ஊர்ச் சாலையில் முப்பது டன் ஜல்லியோடு போகும் லாரியில், அந்தச் சராசரிக் கணக்கின்படி, ஒரு குன்றிமணி எடையை எட்டாத தங்கம் போகிறது. யாரும் அதை எடுக்க முடியாது, எடுத்தால் கட்டாது. சிதறிக் கிடக்கும்வரை அது தங்கமே இல்லை என்றுகூடச் சொல்லலாம், நம் கணக்கில். அது சுரங்கம் ஆவதற்கு ஓரிடத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் திரள வேண்டும். திரள வேண்டுமென்றால் முதலில் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும். பொன் எளிதில் எதனோடும் வினைபுரியாத உலோகம், மழையில் கறுக்காது, புளியில் கரையாது. அப்படிப்பட்டதைக் கிளப்புவது எது? கோலார்ப் பாறைகளின் கதை ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியில் கக்கிய எரிமலைக் குழம்பில் தொடங்குகிறது. குழம்பு தண்ணீர் பட்டு இறுகியது. கடல்நீரைக் குடித்துக் குடித்து அதன் தாதுக்கள் பச்சை நிறமாக மாறின. குளோரைட் என்னும் அந்தப் பச்சைத் தாது தன் உடம்புக்குள்ளேயே தண்ணீரைப் பூட்டிவைத்துக்கொள்கிறது. கல்லுக்குள் நீர் என்றால் ஊற்று நினைவுக்கு வருகிறது. இது அப்படியில்லை, அணுக்களுக்கு நடுவே கட்டுண்டு கிடக்கும் நீர். நனையாத நீர் என்று எனக்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பாறை புதைகிறது. மேலே கண்டங்கள் நகர்ந்து நெருக்க, அது பல கிலோமீட்டர் கீழே அழுத்தப்பட்டுச் சூடாகிறது. ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பச்சைத் தாதுக்களால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடிவதில்லை. அவை வேறு தாதுக்களாக மாறி நீரை வெளியே விடுகின்றன. கூடவே பாறையிலிருக்கும் இரும்புக் கந்தகத் தாது தன் கந்தகத்தில் ஒரு பங்கை இழக்கிறது. சூடான நீரில் கந்தகம் கலக்கிறது. அதுவரை எதற்கும் அசையாத தங்கம் அந்தக் கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கரைகிறது. இதைப் படித்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். பொன்னைக் கிளப்புவது அதன் வீரியம் இல்லை; பாறை எதைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் இழக்கிறதோ, அந்த இழப்பில் ஏறிக்கொண்டு அது போகிறது. பாறையின் வியர்வையோடு போகிறது என்று சொன்னால் மிகையாகாது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள் என்றில்லை. உருகிய பாறைக் குழம்பு தானாகக் கொண்டுவந்த நீர் அது என்பாரும் உண்டு, இன்னும் ஆழத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு, இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எந்தக் கட்சிக்காரரும் மறுக்காத ஒன்று இருக்கிறது: தங்கம் தான் பிறந்த கல்லிலேயே இருந்து திரளவில்லை. வேறெங்கோ போய்த்தான் திரண்டது. அது கிளம்பிவந்த பாறை எதுவென்று பெரும்பாலும் யாருக்கும் காட்ட முடிவதில்லை. கொடுத்தவன் பெயர் தெரியாத சொத்து அது.

அந்த நீர் எங்கே போகும்? மேலே போகப் பார்க்கும், ஆனால் மேலேயிருக்கும் பாறை வழிவிடாது. அழுத்தம் கூடிக்கொண்டே வரும். இந்த நேரத்தில்தான் பாறை படும் மற்றொரு பாடு முக்கியமாகிறது: நெருக்குண்டு, மடிந்து, இழுபட்டு, சப்பாத்தி மாவைக் கட்டையால் தேய்ப்பதுபோல் ஒரு பக்கமாக நீண்டு, ஏடேடாகப் பிரியும் நிலைக்கு வருகிறது. அப்படி நெடுக இழுபட்ட பட்டைகளே பலவீனமான இடங்கள். ஒருநாள் அந்த இடம் உடைகிறது. உடைகிற அந்த நொடி மேலே பூமியதிர்ச்சி. கீழே நீருக்கு விடுதலை. வெடிப்பு வழியே நீர் பாய்ந்தேற, அழுத்தம் சட்டென்று விழ, அதுவரை கரைந்திருந்த படிகச்சத்தும் பொன்னும் கரைந்திருக்க முடியாமல் வெடிப்பின் சுவர்களில் படிகின்றன. படிந்து படிந்து வெடிப்பு அடைபடுகிறது. மறுபடி அழுத்தம் ஏறுகிறது, மறுபடி உடைகிறது. நியூசிலாந்தின் ரிச்சர்ட் சிப்சனும் அவரோடு எழுதியவர்களும் 1988இல் இதைக் குழாயின் வால்வு திறந்து மூடுவதோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு தங்க ரீஃப், அதாவது இப்படி அடைபட்ட வெடிப்பு, ஒருமுறை நேர்ந்த உடைவின் தழும்பு இல்லை. ஆறுவதும் திரும்பப் பிளப்பதுமாகப் பலநூறு முறை, ஆயிரம் முறை நடந்ததன் தழும்பு. படிகச்சத்து படிந்து உண்டான வெள்ளைக் கல்லை உற்றுப் பார்த்தால் மெல்லிய கறுப்புக் கோடுகள் இணையிணையாக ஓடுவது தெரியும். அவை உடைந்த கணக்கு. பெரியப்பா ஒரு துண்டு வைத்திருந்தார், ஆணி டப்பாவில். தங்கம் ஒரு பொட்டுகூட இல்லாத கல். எதற்கு வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வெள்ளைக் கல்லை நாங்கள் வெங்கச்சங்கல் என்போம். ஏரிக்கரையில், வரப்போரத்தில் கிடக்கும். சின்ன வயதில் கரண்ட் போன இரவுகளில் இரண்டு வெங்கச்சங்கல்லைப் போர்வைக்குள் வைத்து உரசுவோம். கல்லின் உள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து போகும், தலைமுடி கருகியதுபோல ஒரு வாடை கூடவே வரும். சுவர்க் கடிகாரத்தில் குவார்ட்ஸ் என்று எழுதியிருப்பது இந்தக் கல்லின் பெயர்தான். இதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி வருவதும் அந்தத் தத்துவத்தால்தான். 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், உடைவு திறக்கும் கணத்தில் அழுத்தம் எவ்வளவு வேகமாக விழுமென்றால் உள்ளேயிருக்கும் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி, கரைந்ததையெல்லாம் போட்டுவிட்டுப் போகும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 2024இல் அதே நாட்டின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நிலநடுக்கத்தில் குலுங்கும் வெங்கச்சங்கல்லில் எழும் மின்னழுத்தமே கரைசலிலிருந்து தங்கத்தை இழுத்துப் படியவைக்க முடியும் என்று சோதனைச்சாலையில் செய்து பார்த்தார்கள். ஏற்கெனவே ஒரு பொட்டுத் தங்கம் படிந்திருந்தால் அடுத்தது அதன்மேலேயே போய்ச் சேருவதையும் கண்டார்கள். பணம் பணத்தோடு சேரும் என்று ஊரில் சொல்வது கல்லுக்குள்ளும் நடக்கிறது. இதைப் படித்து எனக்கு வியப்பு வந்தது, பின்னாலேயே ஒரு கசப்பும் வந்தது. குலுக்கப்படுவது கல்; திரள்வது பொன்; இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாலேயே ஒன்றின் பாடு மற்றதன் பெருமை ஆகிவிடுமா?

சரி, உடைவதுதான் வழியென்றால், உடைந்த கல்லிலெல்லாம் தங்கம் இருக்க வேண்டுமே. இல்லை. உலகத்தில் மடிந்து முறிந்து வெந்த பாறைகளே மிகுதி. அவற்றில் தங்கம் திரண்டவை மிகக் குறைவு. வேண்டிய வெப்பம், வேண்டிய கந்தகம், வேண்டிய பிளவு, வேண்டிய நேரம் என்று எல்லாம் கூடிவர வேண்டும். கூடிவராத பாறை சும்மா உடைந்ததோடு சரி. இதைச் சொல்ல வேறெங்கும் போக வேண்டாம், எங்கள் மண்ணுக்குக் கீழேயே சாட்சி இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டும் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல் இந்த வகையைச் சேர்ந்ததைக் கண்டு, பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். புதிதாகப் பிளந்த முகத்தில் அது எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மினுங்கும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். இந்தக் கல் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 டிகிரி வெப்பத்தில் வெந்தது, 250 கோடி ஆண்டுகளுக்கு முன். கோலார்ப் பாறை பட்டதைவிடக் கூடுதலான சூடு. அந்தச் சூட்டில் நீர் பெரும்பாலும் போய்விட்டது. சார்னோக்கைட் வறண்ட கல்; அதன் தாதுக்களில் நீர் மிகக் குறைவு என்பதே அதன் அடையாளம்.

இங்கேதான் என் மனம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. தென்னிந்தியாவில் ஆழப் பாறைகள் இப்படி வறண்ட காலமும், வடக்கேயும் மேற்கேயும் மேல்மட்டப் பாறைகளில் தங்கம் படிந்த காலமும் அதிகம் விலகியில்லை என்பதைக் கண்டு, இந்தக் கீழ்ப்பாறைகள் இழந்த நீர்தான் மேலே தங்கத்தைச் சேர்த்ததோ என்று கேட்ட ஆய்வாளர்கள் உண்டு. அதை உறுதியான முடிவாக நான் சொல்லவில்லை. அவர்களும் ஒரு கேள்வியாகவே வைத்தார்கள். எங்கள் திண்ணைக்கடியில் உள்ள இந்தக் கல்தான் கோலாருக்குக் கொடுத்தது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் பொதுவாகப் பார்த்தால் நியாயம் இப்படி விழுகிறது: அதிகமாக வெந்த பாறையில் பொன் தங்குவதில்லை. அது தன்னிடமிருந்ததை விட்டுவிட்டு ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போகிற கல் ஆகிறது. சுடச்சுடப் பொன் மிளிரும் என்பது பட்டறைக்குப் பொருந்தும். பாறைக்குப் பொருந்தாது. பாறையைச் சுடச்சுடப் பொன் அதை விட்டு வேறெங்கோ போகிறது. துன்பம் மனிதரை மேன்மைப்படுத்தும் என்று சொல்கிற வாய்களுக்கு எதிரில் நான் இந்தக் கருங்கல்லை வைக்க விரும்புகிறேன்.

கோலார்ப் பட்டை அதிக நீளமில்லை, வடக்குத் தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அகலம் சில கிலோமீட்டர்தான். அதன் வால் ஆந்திரத்தில் சிகரகுண்டா, பிசாநத்தம் வழியாக இறங்கிக் கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து தேய்கிறது. அந்தப் பட்டைக்குக் கிழக்கிலிருக்கும் நிலமும் மேற்கிலிருக்கும் நிலமும் வெவ்வேறு வரலாறு கொண்டவை, வேறு வேறாகக் கிடந்து சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒட்டியவை என்று வி. ராஜாமணி உள்ளிட்ட இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அந்தத் தையலில்தான் தங்கம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே முறையாகத் தோண்டத் தொடங்கியது; 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது; 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. இடையில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்தது. உள்ளே போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள், அவர்களிலும் மிகுதியானோர் ஊரில் ஒரு காணி நிலமில்லாத தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் 60 டிகிரிக்கு மேல் சூடு. கல்லை வெந்த கல் என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியப்பா அதைத் தன் முதுகால் அறிந்திருந்தார்.

அவர் சொல்லாமல் விட்ட அந்த உள்வெடிப்புக்கு ராக் பர்ஸ்ட் என்று பெயர். தங்கவயலில் ஏர் பிளாஸ்ட் என்றும் சொல்வார்கள். ஆழத்தில் கல்லை வெட்டி எடுத்துவிட்டால், மேலேயிருந்து அழுத்தும் பாரம் மிச்சமிருக்கும் கல்லின்மேல் ஏறுகிறது. தாங்கும்வரை தாங்கி ஒருநாள் அது தானாகவே வெடிக்கிறது, டைனமைட் எதுவுமில்லாமல். பொன்னைக் கொண்டுவந்து சேர்த்த அதே வகை உடைவுதான். 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்தபோது அந்தப் பிளவில் நீர் இருந்தது. இப்போது உடையும்போது மனிதர்கள் இருந்தார்கள். இந்த வெடிப்புகளை ஆராய்வதை முதல் வேலைகளில் ஒன்றாக வைத்து 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே அமைக்கப்பட்டது. அதற்குள் சுரங்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டிருந்தது. வெடிக்காத நாட்களிலும் கல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெங்கச்சங்கல்லைத் துளைக்கும்போது எழும் தூசு கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்த இடத்தைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ். 1940களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. மின்சாரம் பிறந்து பொன்னை ஈர்க்கும் அதே கல்தான். பெரியப்பாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன, நட்சத்திரம் போல. ரீஃப் அவருக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது. தங்கம் மட்டும் அதில் இல்லை. பெரியம்மா பந்தியில் சொன்னது இதைத்தான் என்று எனக்குப் புரிய இத்தனை படிப்பு வேண்டியிருந்தது, அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த 800 டன் எங்கே? தங்கம் அழிவதில்லை என்பதால் எங்கோ இருக்கத்தான் வேண்டும். ஆனால் திரண்டது மறுபடி சிதறிவிட்டது: ஏதோ ஒரு நாட்டு வங்கியின் கட்டியில், யாரோ ஒருத்தியின் தாலிக்கொடியில், அடகுக் கடையின் உறையில் எண் போட்ட பொட்டலத்தில். ஒருமுறை உருக்கிவிட்டால் தங்கத்துக்கு ஊர் கிடையாது. தங்கவயலில் மிஞ்சியது சயனைடு மலைகள், அரைத்துச் சலித்துச் சாறு எடுத்தபின் கொட்டிய சாம்பல் நிறக் கல்மாவு. கோடைக் காற்றில் அது எழுந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளின் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும் என்பார் பெரியப்பா. எங்கள் ஊரிலும் தங்கம் ஒருமுறை பேச்சானது. 2020 டிசம்பரில் குழம்பேஸ்வரர் கோயிலில் திருப்பணிக்காகக் கருவறை முன்னுள்ள கல்படியைப் பெயர்த்தபோது கீழே துணியில் சுற்றிய பொன் கிடைத்தது, அரைக் கிலோவுக்கும் மேல், பழைய நகைகளும் துண்டுகளுமாக. ஊர்க்காரர்கள் அதைச் சாமிக்கே திரும்ப வைக்க வேண்டும் என்றார்கள். அதிகாரிகள் வந்து பேசி, கடைசியில் அது அரசுக் கருவூலத்துக்குப் போனது. அப்போது என்னைத் தொட்டது எது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இல்லை. படிக்குக் கீழே, கல்லின் இடுக்கில், காலங்காலமாக மிதித்துச் சென்றவர்களுக்குத் தெரியாமல் அது கிடந்தது என்பதே. வைத்தவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மண்ணுக்குள் இருந்தபோதும் அப்படித்தான், மனிதர் கையில் வந்தபிறகும் அப்படித்தான்: கொடுத்தவன் பெயர் பொன்னில் தங்குவதில்லை.

இந்த ஊரைப் பற்றிப் பேசினால் குடவோலைத் தேர்தலைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், குடத்தில் இட்ட ஓலைகள், சிறுவனைக் கொண்டு எடுக்கும் சீட்டு. பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கி அதை மட்டும் காட்டிவிட்டுப் போவார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த ஊர் வாரியங்களின் வரிசையில் பொன் வாரியம் என்று ஒன்று இருந்ததை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பராந்தகன் காலத்து மற்றொரு கல்வெட்டு பொன்னை உரைத்துப் பார்க்கிறவர்களை ஊர் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. காசாகவும் கட்டியாகவும் கைமாறிய பொன்னின் மாற்று ஊருக்குப் பொதுவாக ஒரே நேர்மையோடு பார்க்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கவலை. உரைகல்லில் பொன்னைத் தேய்த்தால் ஒரு கோடு விழும். கோட்டில் மிகச் சிறிது பொன் ஒட்டியிருக்கும். அதை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள். நாள் முழுக்க, வருடம் முழுக்க ஒற்றினால் மெழுகுக்குள் ஒரு தொகை சேர்ந்துவிடும். அது யாருக்கு? உரைத்தவர் வைத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. இந்த ஊர்ச் சபை அதை யோசித்திருக்கிறது. அந்த மெழுகை ஏரி வாரியப் பெருமக்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தது.

இதைப் படித்த அன்று நான் ஏரிக்கரைக்குப் போனேன். வைரமேக தடாகம், பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர் கொண்ட ஏரி. தண்ணீர் பாதிக்கும் கீழே. நடுவில் கருவேல மரங்கள். நாரைகள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. உரசலில் இழந்த பொன்னை ஒன்றுசேர்த்து எல்லோருக்குமான தண்ணீரில் போட்ட ஊர் என்று மனம் பூரித்தது, உடனேயே தயங்கியது. அந்தக் குடத்தில் யாருடைய பெயர் போட முடியும்? கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். ஏரியில் மண் சுமந்து கொட்டியவன் பெயர் ஓலையில் ஏறாது. பிற்காலத்தில் தங்கவயலுக்கு ரயிலேறிப் போனவர்களும் அதே ஏறாத பெயர்களின் சந்ததிகள்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆகவே அந்தச் சபையை நான் கொண்டாட வரவில்லை. ஆனால் அந்த மெழுகை விட்டுவிடவும் மனமில்லை. அந்த விதியை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: உரசினால் யாரோ ஒருவரிடமிருந்து கொஞ்சம் பொன் போகும். தானாகக் கணக்கில் வராது. எங்கே போகிறது என்று பார்த்து, பிடித்து, எல்லோரும் குடிக்கிற இடத்துக்குத் திருப்பிவிட யாராவது முனைந்தால்தான் வரும்.

புடம் போட்ட தங்கம் என்று இனி யாரையும் நான் சொல்லமாட்டேன், கேட்டால் தலையாட்டவும் மாட்டேன். வெப்பம் பாறையை உயர்த்துவதில்லை, அதிலிருப்பதை வெளியேற்றுகிறது. உடைவு தானாகப் பரிசு தருவதில்லை. உடைந்த இடத்தில் வேறெங்கிருந்தோ வந்தது படிகிறது, பிறகு அதையும் வேறு யாரோ எடுத்துப்போகிறார்கள். ஒருவர் பட்ட பாட்டைப் பொன் என்று புகழ்வதற்கு முன், அவரிடமிருந்து போன பொன் எது, அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கத் துணிவில்லையென்றால் புகழாமல் இருப்பது மேல். பெரியப்பாவின் ஆணி டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. அதிலுள்ள வெங்கச்சங்கல் துண்டில் கறுப்புக் கோடுகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை எண்ண முடிந்தது. அதற்குமேல் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்துவிடுகின்றன.